சோக் பேசாது

தம்பியின் போனை எடுத்ததுதான் அவள் செய்த தப்பு. பட்டறையில் அவன் இருக்கும்போது போன் அடித்தால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அன்றைக்கு அவன் போனை மேஜை மேலேயே மறந்துவிட்டு வெளியே போயிருந்தான். அது மூன்று தடவை அடித்து ஓய்ந்து நாலாவது தடவையும் அடித்தது. இந்தச் சனியனால் எண்ணிக்கை தப்பிவிடும் என்ற எரிச்சலில், கம்பி சுற்றும் மெஷினின் கைப்பிடியை இடது கையால் பிடித்தபடியே வலது கையால் எடுத்தாள்.

"பல் டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "ஆம்ப்ளிஃபயர் இன்னும் உறுமிக்கிட்டேதான் இருக்கு. அந்த ரெடிமேட் சோக் என்னைக்கு வருதுன்னு டாக்டர் கேக்கச் சொன்னாரு."

"ரெடிமேட் சோக்கா?"

"ஆமா, உங்க சார் சொன்னாரே. அந்த வைண்டிங் பொம்பள சரியா சுத்தல, அதான் உறுமுது, அவங்கள நிறுத்தியாச்சு, இனிமே கம்பெனி சோக்தான்னு."

அந்த வைண்டிங் பொம்பளை போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். கைப்பிடி நழுவியது. ரெண்டாயிரத்துச் சொச்சம் சுற்று ஏறியிருந்த செம்புக் கம்பி தளர்ந்து மடியில் சுருண்டு விழுந்தது.

"அவங்கள என்னைக்கு நிறுத்தினாங்களாம்?"

"போன வாரம்னு நெனைக்கிறேன். நீங்க யாரு, புதுசா சேர்ந்திருக்கீங்களா?"

"ஆமா" என்றாள். "இப்பத்தான் சேர்ந்தேன்."

போனை வைத்துவிட்டு மடியில் கிடந்த கம்பியைப் பார்த்தாள். அதை இனி நேராக்க முடியாது; மடங்கிய கம்பியை வைத்துச் சுற்றினால் எனாமல் பூச்சு வெடிக்கும். பதினெட்டு வருஷமாக இந்த ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுகிறாள். அவள் சுற்றுவாள், தம்பி பெட்டி செய்து பூட்டி விற்பான். விற்கிற இடத்துக்கு அவள் போனதில்லை. வாங்குகிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அது அவளுக்கு ஒரு குறையாகவும் தோன்றியதில்லை. இப்போதுதான் தெரிகிறது, முகம் தெரியாத ஆளை வேலையை விட்டு நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று. நிறுத்தப்பட்டவளுக்கே சேதி போன் வழியாகத்தான் வருகிறது.

சோக் என்பது பெரிய மாயவித்தை ஒன்றுமில்லை. இரும்புத் தகடுகளை அடுக்கி, ஆயிரக்கணக்கில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு கட்டி, அவ்வளவுதான். சுவரிலிருந்து வருகிற கரண்ட், ஒரு பக்கமாக மட்டும் போகவிடுகிற டயோடைத் தாண்டியதும் நல்லபிள்ளை மாதிரி நேராகப் போவதாக நடிக்கும். உண்மையில் குதித்துக் குதித்துத்தான் போகும். அந்தக் குதிப்பை அடக்கி அனுப்புவது சோக்கின் வேலை. அடங்காவிட்டால் பாட்டுக்கு அடியில் ஓயாமல் ஒரு உறுமல் கேட்கும். ஆகவே உறுமல் கேட்டால் முதலில் சோக்கைச் சந்தேகப்படுவது வழக்கம், வீட்டில் மோதிரம் காணாமல் போனால் முதலில் வேலைக்காரியைச் சந்தேகப்படுகிற மாதிரி. மோதிரம் பாத்ரூமில் கிடைத்த பிறகு யாரும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்பதில்லை.

தம்பி கறுப்புப் பெயின்ட் டப்பா ரெண்டோடு திரும்பி வந்தான். பெட்டிக்கு அலங்காரம் செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. திருகுகளின் தலைக்கோடுகூட எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் அவனுக்கு.

"கிளினிக்லேர்ந்து போன் வந்துச்சு" என்றாள். "வைண்டிங் பொம்பளைய நிறுத்திட்டியாமே."

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். ஒன்றை வைக்க வேண்டிய நேரத்தில் ரெண்டையும் தனித்தனியாக, நிதானமாக வைத்தான்.

"அது சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னதுக்கா. கஸ்டமர்கிட்ட ஏதாவது சொல்லணும்ல?"

"ஏதாவது சொல்லணும்னா உண்மைய சொல்றது."

"உண்மைய சொன்னா அடுத்த ஆர்டர் வராது. நம்ம தப்புன்னு நாமளே எப்படிச் சொல்றது?"

"நம்ம தப்பு இல்லடா. உன் தப்பு. இல்ல என் தப்புன்னா என்கிட்ட வந்து காட்டு. காட்டுனியா?"

அவன் பெயின்ட் டப்பாவின் மூடியைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"டாக்டர்கிட்ட மட்டும்தான் சொன்னியா, வேற யார்கிட்டயாவதா?"

"அந்த ஸ்டுடியோக்காரர்கிட்ட ஒருவாட்டி. அப்புறம் பாட்டு வாத்தியார்கிட்ட."

"பாட்டு வாத்தியாருக்குக் கண்ணாடி வால்வுதானே போச்சு? வால்வு போனதுக்கும் சோக்கா?"

"அவருக்கு என்ன தெரியப்போவுது?" என்றான். பிறகு, சமாதானம் சொல்கிற குரலில், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் அந்த வார்த்தையையும் சொன்னான். "சோக் பேசாதுல்லக்கா."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயுள்ள பிள்ளை யார் தலையில் ஏறி நின்று பிழைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அவளுக்குக் காது மடல் சூடாகியது. அந்த நேரத்தில் கையில் சுத்தியல் இருந்திருந்தால் பெயின்ட் டப்பா ரெண்டும் நசுங்கியிருக்கும். இருந்தது கம்பி முனையைக் கட்டுகிற பருத்தி நூல்தான், அதனால் டப்பாக்கள் பிழைத்தன.

"ரெடிமேட் சோக் ஆர்டர் போட்டது நெஜமா?"

"போட்டிருக்கேன். இன்னும் அனுப்பல." அவள் ஸ்டூலைப் பார்க்காமல் சொன்னான். "அது நல்லா ஓடுச்சுன்னா எல்லாத்துக்குமே அதையே போட்டுடலாம்னு ஒரு யோசனை. உனக்கும் கை வலி மிச்சம்."

ஆக, வெறும் பேச்சு இல்லை. பொய்யாக நிறுத்தியவளை நிஜமாகவே நிறுத்தப் பார்க்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவன் ஒரு படி மேலே போய்க் கூடத்தையே இடித்துவிடலாம் என்கிறான்.

"நாளைக்குக் கிளினிக்குப் போறோம்" என்றாள். "டாக்டர் முன்னாடி உன் வாயால சொல்லணும், சோக் மேல தப்பு இல்லன்னு. எனக்கு வேற எதுவும் வேணாம். அதைச் சொன்னா இந்த ஸ்டூல்ல உக்காருவேன். சொல்லலன்னா உன் கம்பெனி சோக்கோட நீயே குடித்தனம் நடத்திக்கோ."

"நீ எதுக்கு? நானே போய் சொல்லிடறேன்."

"நான் கூட வரேன்."

இரவெல்லாம் புரண்டு புரண்டு அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது கிளினிக் பெட்டியின் ஒயரிங் படத்தைத்தான். அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் படம் வரைந்து கொடுத்ததே அவள். எவனோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பட்டறையில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கமும் நானூறு வோல்ட் கொடுக்கிறது. வழக்கமான முறையில் டயோடுக்கு அடுத்து கரண்டைத் தேக்கிவைக்கிற கண்டென்சர், அப்புறம் சோக் என்று இணைத்தால் அது ஐந்நூற்றைம்பதுக்கு மேல் எகிறும். வாங்கி வைத்திருந்த கண்டென்சரோ நானூற்றைம்பதுதான் தாங்கும். அதனால் முதல் கண்டென்சரையே தூக்கிவிட்டாள். டயோடுக்கு அடுத்து நேராகச் சோக், அதற்கப்புறம் ஒரே ஒரு கண்டென்சர். அப்படி இணைத்தால் முன்னூற்றைம்பதில் வந்து ஒழுங்காக நிற்கும். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து, "இதுல சோக்தான் கடிவாளம், ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவன் "சரி சரி" என்றான். அவன் ரெண்டு தடவை சரி சொன்னால் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். முதலில் நிற்கிற சோக் மேல்தான் அத்தனை குதிப்பும் விழும்; அதைச் சுற்றிக் காந்தம் கசியும். ஸ்பீக்கருக்குப் போகிற டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் அதே திசை பார்த்து வைத்தால் அந்தக் கசிவை அது பிடித்துக்கொண்டு உறுமும். தள்ளி, குறுக்கே வைக்க வேண்டும். இவன் மறந்துவிடுவான் என்று சோக்கின் மேலேயே வெள்ளைப் பெயின்டால் எழுதியும் விட்டாள்: குறுக்கே வை.

மறுநாள் மத்தியானம், நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார்கள். காத்திருக்கும் அறையில் பச்சை நாற்காலிகள், மீன் தொட்டி ஒன்று, மேஜை மேல் பிளாஸ்டரில் செய்த ஒரு முழுப் பல்செட். போனில் பேசிய வரவேற்புப் பெண், "நீங்கதானே புதுசா சேர்ந்தவங்க?" என்று சிரித்தாள். பல் டாக்டர் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். நாளெல்லாம் பல்லைத் துளைக்கிற இரைச்சலில் நிற்கிறவர். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவிலாவது நிம்மதி வேண்டும் என்றுதான் இந்தப் பெட்டியை வாங்கியதாகச் சொன்னார். அந்த நிம்மதியில்தான் இது உறுமியது.

அலமாரியில் இருந்த பெட்டியை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்மர், சோக், டிரான்ஸ்ஃபார்மர் என்று மூன்றும் போட்டோவுக்கு நிற்கிற அண்ணன் தம்பிகள் மாதிரி ஒரே வரிசையில், தோளோடு தோள் ஒட்டி, ஒரே பக்கம் பார்த்து நின்றன. பளபளவென்று கறுப்பு. அவள் விரல் நகத்தால் சோக்கின் பக்கவாட்டில் சுரண்டினாள். கறுப்பு உரிந்து, அடியில் வெள்ளையில் 'குறு' வரைக்கும் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறாள். ரெண்டே வார்த்தையை மறைக்க ஒரு கோட்டிங் பெயின்ட் செலவழித்தவன் தன் வீட்டிலேயே இருப்பான் என்று நினைக்கவில்லை.

அவனைப் பார்த்தாள். சொல்லு, என்று அர்த்தம்.

"இவங்க யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஹெல்ப்புக்குக் கூட்டிட்டு வந்தேன் டாக்டர்" என்றான் தம்பி.

அவள் பல்லைக் கடித்த சத்தம் டாக்டருக்கே கேட்டிருக்கும். தொழில் பழக்கம், அவர் அவள் தாடையைத்தான் பார்த்தார். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். கண்டென்சரில் தேங்கியிருப்பது வடியட்டும் என்று ரெண்டு நிமிஷம் நின்றாள். பெட்டியைத் தூக்கி மேஜையில் கவிழ்த்து, பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துச் சூடாக்கி, சோக்கின் ரெண்டு முனைகளையும் கழற்றினாள். திருகுகளை எடுத்தாள். சோக்கை ஒரு துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, கழட்டிட்டீங்க?"

"சரியில்லாத சோக்காமே டாக்டர். சுத்துனவகிட்ட கொண்டுபோய்க் குடுக்கணும்."

தம்பிக்கு முகம் சிவந்தது. ஆனால் வாய் இருக்கிறதே, அது சளைக்கவில்லை. "நல்லதாப் போச்சு டாக்டர். எப்படியும் மாத்தத்தான் போறோம். புது சோக் வர்ற வரைக்கும் இது இல்லாமலே ஓடும். கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான்." தொங்கிக்கொண்டிருந்த ரெண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கினான்.

அவன் இதுவரை செய்த எல்லாப் பெட்டியும் அப்படித்தான் ஓடும். சோக்குக்கு முன்னால் ஒரு கண்டென்சர் இருக்கிற பெட்டிகள் அவை. சோக்கைத் தாண்டி ஒயர் போட்டால் உறுமல் கூடுமே தவிர வேறு ஒன்றும் ஆகாது. இதில் அந்தக் கண்டென்சர் இல்லை; சோக்கையும் எடுத்துவிட்டால் நானூற்றைம்பது தாங்குகிற ஒன்றன் மேல் ஐந்நூற்றைம்பதும் நேராக விழும். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு ஏறி உட்காரப் பார்க்கிறான். தான் விற்ற பெட்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும். முறுக்கிய ஒயரில் சுற்ற அவன் டேப்பைக் கிழித்தபோது சொல்லியிருக்கலாம். அடித்தட்டை மூடித் திருகினபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு திருகின் தலைக்கோட்டையும் அவன் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினான், அதற்கே எவ்வளவு நேரம் ஆனது, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெடிக்கட்டும் என்றது மனசு. சோக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவனும் பார்க்கட்டும், இந்த டாக்டரும் பார்க்கட்டும். பேசாத சோக் ஒரு தடவை பேசட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. கோபத்தில் இனிக்கிறது எதுவும் நல்லதாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் இனித்தது.

பெட்டி அலமாரியில் ஏறியது. தம்பி பிளக்கைச் செருகினான்.

"எவ்வளவு உறுமுதுன்னு பாப்போம்" என்று டாக்டர் குனிந்து காதைக் கொண்டுபோனார். அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெள்ளி டப்பா மாதிரி நின்றுகொண்டிருந்தது அந்தக் கண்டென்சர். தம்பியின் விரல் ஸ்விட்ச் மேல் போனது.

அவள் ஒரே எட்டில் போய் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து தெறித்து வந்து பிளாஸ்டர் பல்செட் மேல் விழுந்தது. முன்பல் ஒன்று உடைந்தது.

"என்னக்கா பண்ற?" என்று கத்தினான்.

"அக்காவா?" என்றார் டாக்டர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "அந்தக் கண்டென்சர் எவ்வளவு தாங்கும்?"

"நானூத்தம்பது."

"சோக் இருந்தா எவ்வளவு வரும்?"

"முன்னூத்தம்பது."

"சோக் இல்லாம? கீழ எத்தனை கண்டென்சர் பாத்த? எண்ணிச் சொல்லு."

அவன் வாய் திறந்தது. பிறகு கண் பெட்டிக்குப் போனது, அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே பார்க்கிற மாதிரி. ஒன்று. ஒன்றே ஒன்று. உதடு எதையோ பெருக்கிப் பார்த்தது. முகத்தில் சிவப்பு வடிந்து, மாவு பூசினாற்போல் ஆனது.

"என்னாச்சு?" என்று டாக்டர் கேட்டார். "ஏதாவது பிரச்சினையா?"

தம்பி பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தான். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான். "சின்ன லூஸ் கனெக்‌ஷன்."

அப்போதுகூட. சாவு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டுப் போன பிறகும்கூட அந்த வாய் திருந்தவில்லை. அவளுக்கு வந்த கோபத்தில் குரல் உயரவில்லை, தணிந்தது. கீழே கிடந்த பிளக்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"லூஸ் கனெக்‌ஷன்தானே? இந்தா. சொருகி, ஸ்விட்சப் போடு. டாக்டர், நீங்க நல்லா கிட்டப் போய்க் கேளுங்க."

டாக்டர் ஒன்றும் புரியாமல் மறுபடி குனியப் போனார். தம்பி பிளக்கைப் பிடித்தபடி நின்றான். மீன் தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. வரவேற்புப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"வேணாம் டாக்டர்" என்றான். "தள்ளி வாங்க. போட்டா வெடிக்கும்." பிறகு பிளக்கைப் பார்த்தே பேசினான். "சோக் நல்ல சோக். குறுக்க வைக்கணும்னு எழுதியே குடுத்தாங்க. வரிசையா இருந்தா அழகா இருக்கும்னு நான்தான் இப்படி வச்சேன். உறுமலுக்கு நான்தான் காரணம். இப்ப வெடிக்க இருந்ததுக்கும் நான்தான்."

"அப்ப அந்த வைண்டிங் பண்றவங்க?"

"இவங்கதான். எங்கக்கா. பெட்டிக்குப் படம் போட்டதும் இவங்கதான்."

அவள் பையிலிருந்து சோக்கை எடுத்தாள். அடித்தட்டைத் திறந்து, முறுக்கிய ஒயரைப் பிரித்து, நீளம் பற்றாததற்கு ஒட்டுப்போட்டு, பெட்டியின் அந்தக் கோடியில் சோக்கைக் குறுக்காக நிறுத்தினாள். இருந்த ஓட்டைகளில் ஒன்றில்தான் திருகு ஏறியது. மற்றதுக்குப் பட்டறையில் துளை போட வேண்டும். பார்க்க லட்சணமாக இல்லை. ஸ்விட்சைப் போட்டாள். வால்வுகள் சிவந்தன. டாக்டர் ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"இன்னும் லேசா ஒரு சத்தம் கேக்குதே?"

"அது உங்க மீன் தொட்டி மோட்டார்" என்றாள்.

டாக்டர் நன்றி சொன்னார். உடைந்த பிளாஸ்டர் பல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பல் கட்டுவது தன் தொழில்தான் என்றும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் போன வாரம் ஒரு பொம்பளையை நிறுத்தியதைக் கேட்டுத் தலையாட்டியவர்தான்.

திரும்பும்போது ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, டாக்டர் முன்னால் அவன் வாயாலேயே வந்துவிட்டது; கோபம் மட்டும் இறங்கவில்லை. பாதி அவன் மேலே. மீதி தன் மேலே. மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு தான் நின்ற அந்த நேரத்தை நினைக்கிறபோதெல்லாம் நடையை எட்டிப் போட்டாள். கருவிப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"அந்த ஆர்டர கேன்சல் பண்ணிடறேன்க்கா" என்றான்.

"பண்ணு."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"நான் ஒயர முறுக்குனப்பவே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லியிருக்கலாம்."

அவன் நின்றுவிட்டான். அவள் நிற்கவில்லை, அவன் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே வந்தான். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"டாக்டர் மட்டும் குனியலன்னா? நான் மட்டும் அங்க நின்னிருந்தா, ஒயரப் புடுங்கியிருப்பியா?"

"அத அந்த வைண்டிங் பொம்பளகிட்டதான் கேக்கணும்" என்றாள். "அவளத்தான் நீ நிறுத்திட்டியே."